நட்சத்திரம் போட்ட ஆட்கள்

ஆலையில் வேலை செய்கிறவர்களைவிடக் கணினிக்குள் வந்து நின்றவர்கள் பல மடங்கு அதிகமாக இருந்தார்கள். அதைச் சரிசெய்யத்தான் என்னை அங்கே அனுப்பினார்கள்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்த சின்ன மென்பொருள் நிறுவனத்தில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பழைய ஃபாக்ஸ்ப்ரோ நிரல்களைத் திறந்து படிக்கப் பொறுமை இருந்தவள் அங்கே நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் ஜாவா படித்து அமெரிக்கா போகக் காத்திருந்தார்கள். அதனால் கருப்புத் திரையில் ஓடும் பழைய நிரல் எது வந்தாலும் என் மேஜைக்கு வந்தது.

அந்த வாடிக்கையாளர் திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் இருந்த ஒரு வார்ப்பட ஆலை. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி இயந்திர பாகங்கள் செய்வார்கள். அதன் டைம் ஆபீசில் ஆட்களின் விவரத்தையும் வருகையையும் வைத்திருந்த நிரல் தொண்ணூறுக்கு முன்னாலேயே யாரோ எழுதிக் கொடுத்தது. அதில் இருப்பதை எல்லாம் விண்டோஸில் ஓடும் புதிய மென்பொருளுக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது என்னென்னவோ தப்பாக வருகிறது. போய்ப் பார்.

"உன் வீடு அந்தப் பக்கம்தானே, நடந்தே போயிடலாம்" என்றார் முதலாளி.

வீடு மட்டும் அந்தப் பக்கம் இல்லை. என் அம்மா அந்த ஆலையில்தான் கோர் ஷாப்பில் வேலை செய்தாள். வார்ப்புக்குள் எங்கே துளை வர வேண்டுமோ அங்கே வைக்கிற மணல் கட்டியைச் செய்யும் கொட்டகைக்கு அந்தப் பெயர். மணலில் வெல்லப்பாகையும் எண்ணெயையும் ஊற்றிப் பிசைந்து, மரப்பெட்டியில் அடித்து, அடுப்பில் சுட வேண்டும். முழுக்கப் பெண்கள், முழுக்க கான்ட்ராக்ட். அம்மாவின் புடவை, தலைமுடி, சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றிலும் கருகின வெல்ல வாசனை இருக்கும். எத்தனை துவைத்தாலும் போகாது. முதலாளியிடம் நான் இதைச் சொல்லவில்லை. அம்மாவும் சொல்ல வேண்டாம் என்றாள்.

"உள்ள என்னியப் பாத்தா அம்மான்னு கூப்ட்டுகினு ஓடியாராத. நீ ஆபீஸ் ஆளு. பெர்மனென்ட் கேஸு நடந்துகினு கீது. இன்னா ஏதுன்னு மோப்பம் புடிச்சி எதுனா பண்ணிடுவானுங்க."

அந்த மனுதான் அப்போது எங்கள் லைன் வீடுகளின் பேச்சு. கோர் ஷாப் பெண்கள் சேர்ந்து தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்திருந்தார்கள். முன்னால் நின்றவள் எங்கள் எதிர்வீட்டுப் பெண். உறவில்லை, ஆனால் பிறந்ததிலிருந்து சித்தி என்றே கூப்பிட்டுப் பழக்கம். அவளும் அம்மாவும் ஒரே மேஜையில் எதிரெதிரே நின்று மணல் அடிப்பவர்கள், மத்தியானம் ஒரே தூக்கில் கைவிட்டுச் சாப்பிடுபவர்கள். தொடர்ந்து இத்தனை நாள் ஒரே இடத்தில் வேலை செய்தால் நிரந்தரம் கேட்கலாம் என்பது சட்டம். நாங்கள் வருடக்கணக்காக வேலை செய்கிறோம் என்பது மனு. இவர்கள் அவ்வப்போது வந்து போகிற ஆட்கள், தொடர்ந்து வேலை செய்ததாக எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை என்பது நிர்வாகத்தின் பதில். அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. ஓய்வு வயதுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். அதற்குள் நிரந்தரம் ஆகவில்லை என்றால், ஒரு நாள் காலையில் வர வேண்டாம் என்பார்கள், அவ்வளவுதான்.

டைம் ஆபீஸ் கேட்டை ஒட்டிய சின்ன அறை. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க நகராமல் நிற்கும். கடல் காற்றில் விசைப்பலகையின் அடித் தகடு துருப்பிடித்திருந்தது. அந்த நிரலை அது பிறந்த நாளிலிருந்து ஓட்டிவந்த கிளார்க், ஐம்பதைத் தாண்டியவர், என்னைப் பார்த்ததும், "வாம்மா, பேயோட்ட வந்துகீறியா? நல்லா ஓட்டு" என்றார்.

எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்குப் புரியும். முதல் நாள் மாலை நான் போட்டது இது.

ஒன்று: பிறந்த தேதி காலியாக இருந்தவர்கள் எல்லோரும் 1899 டிசம்பர் 30 அன்று பிறந்திருந்தார்கள். காலித் தேதியைப் புதிய மென்பொருள் அப்படி எடுத்துக்கொண்டது.

இரண்டு: வருடத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும் அடித்திருந்த இடங்களில், வயதான உலைக்காரர்கள் சிலர் இனிமேல்தான் பிறக்க வேண்டியவர்களாக இருந்தார்கள்.

மூன்று: இறக்குமதி ஒவ்வொரு முறையும் ஒரே ஆளிடம் வந்து நின்றது. அவர் முகவரிக்குள், 'கோப்பு இத்தோடு முடிந்தது' என்று பொருள்படும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று எப்படியோ விழுந்து கிடந்தது.

நான்கு: டோக்கன் எண்களின் முன்னால் இருந்த பூஜ்யத்தைக் காணவில்லை.

ஐந்து: ஆட்கள் அதிகம்.

முதல் மூன்றும் எங்கேயும் வருகிற கோளாறுகள்தான். அவற்றைச் சீக்கிரமே முடித்துவிட்டேன். நான்காவது அந்த ஆலைக்கே உரியது. அங்கே கேட்டில் காட்டி உள்ளே போக நிரந்தர ஆளுக்குப் பித்தளை டோக்கன், கான்ட்ராக்ட் ஆளுக்குத் தகரம். தகர டோக்கனில் எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் பொறித்திருப்பார்கள். தூரத்திலிருந்தே காவலாளிக்கு யார் எந்த ஜாதி என்று தெரிய வேண்டுமே. புதிய மென்பொருள் அந்த இடத்தை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டது. எண்ணுக்கு முன்னால் இருக்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை, அதனால் தள்ளிவிட்டது. பூஜ்யம் இல்லாதவர் நிரந்தரம் என்பது நிரலின் விதி. ஆகவே மறுநாள் மத்தியானம் ஆலையில் எல்லோரும் நிரந்தரம்.

கிளார்க் திரையைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, ஒரே அமுக்குல அல்லாரையும் பெர்மனென்ட் பண்ட்ட? யூனியன்காரன் இத்தினி வருசமா புடுங்காதத நீ டீ வர்றதுக்குள்ள முடிச்சிட்டியே!"

நானும் சிரித்தேன். அவர் டீ குடிக்க வெளியே போனதும் அம்மாவின் பெயரைத் தேடிப் பார்த்தேன். நிலை: நிரந்தரம். தெளிவான எழுத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த இடத்தை எழுத்து வகைக்கு மாற்றி, தரவுகளை அழித்து, திரும்ப ஏற்றினேன். பூஜ்யம் வந்தது. நிலை: ஒப்பந்தம். சரியாக வருகிறது என்று பட்டியலில் குறித்துக்கொண்டேன். அதுதான் என் வேலை.

ஐந்தாவதுதான் மிச்சம்.

அதிகமாக வந்தவர்கள் புது ஆட்கள் இல்லை. ஒரே பெயர், ஒரே கணவர் பெயர், ஒரே பிறந்த தேதி, ஒரே தெரு. டோக்கன் எண் மட்டும் வேறு, சேர்ந்த தேதி மட்டும் வேறு. அத்தனையும் கான்ட்ராக்ட் ஆட்கள். பழைய நிரலில் தேடினால் ஒவ்வொருவரும் ஒருமுறைதான் வருகிறார்கள், புதியதில் வரிசையாக வருகிறார்கள். கோப்பை நேரடியாகத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. பல பதிவுகளின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது.

ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு பதிவை நீக்கு என்றால் அது நீக்காது. ஒரு நட்சத்திரத்தை மட்டும் போட்டுத் திரையிலிருந்து மறைத்துவிடும். 'பேக்' என்று தனியாக ஒரு கட்டளை கொடுத்தால்தான் உண்மையிலேயே போகும். புதிய மென்பொருளுக்கு அந்த நட்சத்திரத்தின் பொருள் தெரியாது. கண்ட எல்லோரையும் உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"நீங்க பேக் போட்டதே இல்லையா சார்?"

"ஐயோ, அத்த மட்டும் சொல்லாதம்மா" என்றார். ஒருமுறை போட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய், பாதி ஆலை காணாமல் போய், மானேஜர் அவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டாராம். அன்றிலிருந்து அந்தச் சொல்லை அவர் அடிக்கவில்லை. ஆயுத பூஜைக்குத் திரைக்குப் பொட்டு வைப்பார், தேங்காய் உடைப்பார், பேக் மட்டும் போட மாட்டார். "ஸ்டார் போட்டா ஆளு பூட்டான். ஸ்க்ரீன்ல கீறானா? இல்ல. அப்ப இல்லதான?"

"இல்லாம போகல சார். ஒளிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான்."

"அடப்பாவி. இத்தினி வருசமா என் கூடவே குந்திகினு இருந்தானுங்களா!"

ஒரே ஆளுக்கு ஏன் இத்தனை பதிவு என்று கேட்டேன். "பிரேக்தாம்மா" என்றார். அவர் மறைத்துச் சொல்லவில்லை, மறைக்க ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்து ஆலைகளில் பிரேக் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். சட்டம் சொல்கிற நாள்கணக்கு நெருங்கும்போது, வெள்ளிக்கிழமை மாலை கேட்டில் தகர டோக்கனை வாங்கிக்கொள்வார்கள். சில நாள் கழித்து வேறு எண் போட்ட தகரத்தைக் கொடுப்பார்கள். வந்தவள் புது ஆள், நேற்றுப் பிறந்தவள். கிளார்க் பழைய பதிவுக்கு நட்சத்திரம் போட்டுவிட்டுப் புதிய பதிவு ஒன்றை அடிப்பார். எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்தக் காகிதத்திலும் இல்லாதது, அவ்வளவே.

நான் என் அம்மாவைத் தேடினேன். திரையின் மேலிருந்து கீழ்வரை அம்மாவே இருந்தாள்.

சின்ன வயதில் பிரேக் எனக்குப் பிடித்த சொல். அம்மா வீட்டில் இருப்பாள். விடியற்காலையில் காசிமேட்டில் இறால் உரிக்கப் போய்விட்டு, நான் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் நெத்திலியோடு வந்துவிடுவாள். தலை பின்னிவிடுவாள். பிளஸ் டூ பரீட்சையின்போது அவள் வீட்டிலேயே இருந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். "உனக்காண்டி லீவு போட்டுக்கினேன்" என்றாள். வேலையில் எத்தனையோ பேர் கேட்டும் கிடைக்காத லீவு, எனக்காக வாங்கினாள் என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிவு கீழிருந்து நான்காவதோ ஐந்தாவதோ வரியில் இருந்தது. விலகிய தேதி, பக்கத்தில் நட்சத்திரம். பரீட்சை வாரம்தான். லீவு என்று ஒன்று அவளுக்கு இருந்ததே இல்லை.

எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. இரட்டைப் பதிவுகளை நீக்கும் முன் அவற்றை அச்சிட்டு, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நாளைக்கு எங்கள் ஆள் எங்கே என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாது. நான் ஒவ்வொருவரின் பதிவுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்து, மேலே 'கீழ்க்கண்டவை ஒரே நபரின் பதிவுகள்' என்று தலைப்பிட்டு, கார்பன் வைத்து இரண்டு பிரதி அச்சிட்டேன். டாட் மேட்ரிக்ஸ் கத்திக்கொண்டே இருந்தது. தாள் மடிந்து மடிந்து தரையில் குவிந்தது.

பர்சனல் ஆபீசர் நல்ல மனிதர் மாதிரி இருப்பவர். உட்காரச் சொல்லுவார், தண்ணீர் கொடுக்கச் சொல்லுவார். தாள்களைப் புரட்டக்கூட இல்லை.

"இதெல்லாம் எதுக்கும்மா இவ்வளவு பேப்பர்? கடைசி என்ட்ரியை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததைத் தூக்கிடுங்க."

"எல்லாம் ஒரே ஆள்னு நீங்க உறுதி பண்ணணும் சார். அதுக்குத்தான் கையெழுத்து."

"ஒரே ஆள்தான். யாருக்குத் தெரியாது?" என்று சொல்லி, இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டு, ஆலையின் ரப்பர் முத்திரையையும் குத்தச் சொன்னார்.

நான் அவர் சொன்னபடியே செய்தேன். பேக் கட்டளையை நானே அடித்தேன். கிளார்க் எழுந்து கதவருகில் போய் நின்றுகொண்டார். மின்சாரம் போகவில்லை. நட்சத்திரம் போட்டவர்கள் எல்லோரும் போனார்கள். ஒரு பிரதி டைம் ஆபீசுக்கு. மற்றது என் பையில் இருந்தது. அன்று மாலை வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் எதிர்வீட்டுக்குப் போய் அதைச் சித்தியின் கையில் கொடுத்தேன். இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தமில்லை.

சித்தி தாளை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். "இது அந்தாளு கையெழுத்தா? மெய்யாலுமா?" என்றாள். என் கன்னத்தைக் கிள்ளினாள். "அடி கஸ்மாலம், இத்த பையில வெச்சிகினா இத்தினி நேரம் தெருவுல நடந்து வந்த?"

வக்கீல் அதைத் தொழிலாளர் அலுவலகத்தில் வைத்தார். நிர்வாகத் தரப்பு பதில் சொல்ல நேரம் கேட்டது. கோர் ஷாப்பில் அன்று பெண்கள் மிக்ஸர் வாங்கித் தின்றார்கள். அம்மாவும் தின்றாள், எனக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். ஆனால் என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

காகிதம் எப்படி வெளியே வந்தது என்று ஆபீசர் கிளார்க்கைக் கேட்டிருக்கிறார். நான் யாருடைய மகள் என்று கிளார்க்குக்கு முன்பே தெரியுமாம். அவரும் எங்கள் தேரடிப் பக்கம்தான். அவருக்கும் வேலை வேண்டும், சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன, இரண்டும் என்னைக் கேட்காமல்.

ஒன்று, என் முதலாளி தன் நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதிக் கொடுத்தார். அந்த அச்சு ஒரு சோதனைப் பிரதி. தரவு மாற்றத்தின்போது மென்பொருள் கோளாறால் ஒரே பதிவு பலமுறை வந்தது. அதற்கும் உண்மையான வேலைக்காலத்துக்கும் சம்பந்தமில்லை. மூலக் கோப்பைக் கொண்டுவந்து காட்டு என்றால் அதுவும் இல்லை. பேக் செய்தாகிவிட்டது.

இரண்டு, அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மனுவிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டால் நிரந்தரம். அவளுக்கு மட்டும். மகளின் காகிதத்தைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு வரியும் எழுதித் தர வேண்டும்.

அம்மா எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்று வெந்நீரில் துணியை நனைத்து முட்டியில் ஒற்றிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன்.

"சித்திகிட்ட சொன்னியா?"

"சொல்லாம? காலீலயே தெரிஞ்சி பூட்ச்சி. பேசல."

"அவ இல்லன்னா மனுவே இல்லம்மா."

"தெரியும். அவுளுக்கு வயசு கீது. இன்னும் பத்து வருசம் அடிப்பா. எனக்கு எவ்ளோ கீது, சொல்லு. நீதான் லிஸ்ட்டு போடுவியே, போட்டு சொல்லு."

வெந்நீர்ப் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"காயிதத்த குடுக்கசொல்லோ என்னிய ஒரு வார்த்த கேட்டியா நீ? நேரா அங்க போன. உன் நாயத்துக்கு நீ குடுத்த. என் முட்டிக்கு நான் வாங்கிகினேன். போ, துன்னுட்டு படு."

வேலையின் கடைசிப் பகுதியை முடிக்க நான் இன்னும் சில நாள் அந்த டைம் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. முதலாளி வேறு ஆளை அனுப்பவில்லை. ஃபாக்ஸ்ப்ரோ தெரிந்த வேறு ஆள் இல்லை. புதிய மென்பொருளில் முதல் நிரந்தரப் பதிவாக அம்மாவைத்தான் கிளார்க் ஏற்றினார், நான் பக்கத்தில் இருந்து எந்தக் கட்டத்தில் எதை அடிக்க வேண்டும் என்று காட்டினேன். பூஜ்யம் இல்லாத எண். நிலை: நிரந்தரம். சேர்ந்த தேதி என்ற இடத்தில் அவர் அன்றைய தேதியை அடித்தார்.

"பழைய சர்வீஸ், சார்?"

"எந்த சர்வீஸும்மா?" என்றார். கிண்டலாக இல்லை, சோர்வாகத்தான் கேட்டார். "ஆர்டர்ல இன்னிக்கி தேதிதான் கீது. உங்கம்மா கையெழுத்தும் போட்டுகீறாங்க. படிக்கலியா?"

அம்மா படிக்கவில்லை. ஓய்வு வயதுவரை எண்ணிப் பார்த்தால், ஓய்வூதியத்துக்கு வேண்டிய வருடங்கள் அவளுக்கு வராது. நான் அன்று அவளிடம் சொல்லவில்லை. அவள் பித்தளை டோக்கனைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மனு அடுத்த மாதம் தள்ளுபடி ஆனது. கோர் ஷாப்பை மொத்தமாக ஒரு வெளி கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டார்கள். அதே பெண்கள், அதே மேஜை, அதே மணல். இனி அவர்கள் ஆலையின் ஆட்களே இல்லை. புதிய மென்பொருளில் அவர்களுக்கு இடமும் தேவைப்படவில்லை. என் பட்டியலின் ஐந்தாவது கோளாறு அத்துடன் முழுமையாகத் தீர்ந்தது. அம்மாவைக் கோர் ஷாப்பிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. மத்தியானம் நிரந்தர ஆட்களின் கேன்டீனில், ஆண்கள் நடுவில், தூக்கைத் திறந்து தனியாகச் சாப்பிட்டாள்.

ஒரு காலை தண்ணீர் லாரி வந்திருந்தது. குடங்கள் தெருவளைவுவரை நின்றன. அம்மா குடத்துடன் வந்ததும் சித்தி வரிசையின் நடுவிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏய், வழி உடுங்கடி. பெர்மனென்ட் அம்மா வந்துகினு கீறாங்க. அவுங்களுக்கு பித்தள டோக்கன் போட லேட்டாவுது. வாங்கம்மா, நீங்க முன்னாடி புடிங்க."

யாரோ சிரித்தார்கள். குடங்கள் உண்மையிலேயே விலகின. அம்மா பின்னால் போவாள் என்று நினைத்தேன். அவள் யாரையும் பார்க்காமல் முன்னால் போனாள், குழாயடியில் குடத்தை வைத்தாள், நிரம்பும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள், இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள். முட்டி வலியில் ஒரு பக்கம் சாய்ந்து போனாள்.

இரண்டாவது குடத்தை நான் வைத்திருந்தேன். எனக்காக யாரும் விலகவில்லை. நான் சித்திக்குப் பின்னால் நின்றேன். வெகுநேரம் அவள் திரும்பவில்லை. அவள் முறை வந்தபோது, குழாயைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த காயிதத்துல என் பேரு எத்தினி தபா இருந்துச்சி? நான் எண்ணல. நீ எண்ணியிருப்ப."

எண்ணியிருந்தேன். "பத்தொம்பது, சித்தி."

"நாளிக்கி கான்ட்ராக்டர் புது டோக்கன் குடுக்குறான்" என்றாள். குடத்தைச் சாய்த்து மேல் தண்ணீரைக் கொஞ்சம் கொட்டிவிட்டு இடுப்புக்கு ஏற்றினாள். "இருவதாச்சி."